சொரசொரப்பின் நேர்த்தி

கடலோரக் கற்கட்டுமானங்களை அவற்றின் வலிமையைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கம். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் ஐலண்டில், டாட்டன்வில் பகுதிக்கு எதிரே ராரிட்டன் விரிகுடாவில் 2024-இல் கட்டி முடிக்கப்பட்ட 'லிவிங் பிரேக்வாட்டர்ஸ்' என்னும் அலைத்தடுப்புத் தொடரோ, வலிமையோடு நில்லாமல், ஒரு சிற்பத்தின் பரப்பைப் பார்ப்பதுபோல் நுணுகிப் பார்க்கத்தக்கதாக அமைந்துள்ளது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் இக்கரையைச் சிதைத்த பின், அமெரிக்க அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் தேர்வான இத்திட்டத்தை, கேட் ஆர்ஃப் நிறுவிய 'ஸ்கேப்' நிறுவனம் வடிவமைத்தது. அந்நிறுவனத்தின் துறையான நிலவடிவமைப்பு, பூங்கா அமைப்பதோடு முடிந்துவிடாமல், நிலம், நீர், உயிரினம், மனிதப் புழக்கம் ஆகியவற்றை ஒருசேரக் கருதித் திட்டமிடுவதாகும்.

கரையை விட்டு விலகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் 8 கற்குவியல்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,400 அடி. வெள்ளத்தை மறிக்கும் மதில்களாக இவை எழுப்பப்படவில்லை. அலையின் வேகத்தைக் கரை சேருமுன் தணித்து, மணல் அரிப்பைக் குறைப்பதே இவற்றின் பணி.

கடலை நோக்கிய பக்கத்தில்தான் கைவண்ணம் தெரிகிறது. குவியலின் உடலிலிருந்து கல்முகடுகள் வரிசையாகக் கடலுக்குள் நீள, அவற்றுக்கிடையே ஒடுக்கமான சந்துகள் அமைந்து, சிறுமீன்கள் ஒதுங்க இடம் தருகின்றன. கற்களோடு ஆங்காங்கே வைக்கப்பட்ட கான்கிரீட் கட்டிகளின் மேற்பரப்பு, வேண்டுமென்றே வரியும் குழியுமாக வார்க்கப்பட்டுள்ளது. அவற்றுள் சில, கடல் வற்றும் நேரத்திலும் நீரைத் தேக்கி வைக்கும் சிறு குட்டைகளாக வடிவம் பெற்றுள்ளன. மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சுகள் வளர்வதற்குப் பற்றிக்கொள்ளக் கடினமான பரப்பு தேவை என்பதால், இந்த வரிகள் வெறும் அலங்காரம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சிப்பித் தொழிலால் செழித்து, மிகைப்பிடிப்பாலும் கழிவுநீராலும் அத்தொழிலை இழந்த ஊருக்கு எதிரே இவை அமைந்திருப்பது பொருத்தமே.

பொதுவாகக் கட்டுமானத்தில் வழவழப்பே நேர்த்தியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. வழவழப்பான சுவர் அலையைப் பெரிதும் வலுக்குறையாமல் திருப்பியனுப்புவதோடு, உயிர்கள் ஒட்டவும் அதிகம் இடங்கொடுப்பதில்லை. இங்கோ கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பிளவுகள் அலையின் ஆற்றலைச் சிதறடிக்கின்றன, அப்பிளவுகளே உயிரினங்களுக்கு உறைவிடமும் ஆகின்றன. பாதுகாப்புக்கு ஒன்று, சூழலுக்கு ஒன்று என்று இரண்டு வேலைப்பாடுகளைத் தனித்தனியே சேர்த்து ஒட்டாமல், ஒரே சொரசொரப்பை இரண்டுக்கும் பயன்கொண்டதில் வடிவமைப்பாளரின் தேர்ச்சி விளங்குகிறது.