எல்.ஐ.சி. கட்டடம், சென்னை: ஒரு மதிப்பீடு

சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம், தமிழ்நாட்டு நவீனக் கட்டடக் கலையின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் திட்டமிட்ட இதன் பணி 1953இல் தொடங்கியது. அவர் மறு ஆண்டே சிங்கப்பூர் விமான விபத்தில் காலமானார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானதால் கட்டடம் எல்.ஐ.சி. வசமாயிற்று. இலண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் ஆகியோர் வரைந்த திட்டத்தை எல்.எம். சிட்டாலே நிறைவு செய்தார். 1959 ஆகஸ்டு 23 அன்று மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார்.

இதைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் 177 அடி உயரத்தையே பேசுகின்றனர். பட்டணத்துக்கு வரும் கதாநாயகனுக்குத் திரைப்படங்கள் முதலில் காட்டியதும் அந்த உயரத்தைத்தான். ஆனால் நாட்டின் மிக உயர்ந்த மாடிக் கட்டடம் என்ற பெயர் 1961இல் மும்பையின் உஷா கிரணுக்குப் போய்விட்டது. உயரமே அளவுகோல் என்றால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி!

உண்மையான புதுமை எடையைத் தாங்கும் முறையில் இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு தடித்த சுவர் எழுப்பி, அதன்மேல் மாடி ஏற்றுவது பழைய வழக்கம். இங்கே கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் பளுவைச் சுமக்கின்றன. வெளிச்சுவர் வெறும் மறைப்பே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்க, பக்கங்களில் தகடு அடித்த தொழிற்சாலைக் கொட்டகைகளைப் பார்த்து வளர்ந்த மாணவருக்கு இது எளிதில் விளங்கும். 1975 ஜூலையில் பெருந்தீ இக்கட்டடத்தைத் தாக்கியது. சட்டகம் நின்றது, கட்டடம் செப்பனிடப்பட்டு இன்றும் அலுவலகமாக இயங்குகிறது.

அலங்காரம் ஏதுமின்றி, மேல்நோக்கி ஓடும் நெடுங்கோடுகளாலேயே முகப்பு அமைந்துள்ளது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். சாலையின் எதிர்ப்புறம் நின்றால் அக்கோடுகளின் ஒழுங்கு புலப்படும். கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிலையம் எல்.ஐ.சி.

இங்கிருந்து சிறிது தூரத்தில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில், பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறது. 1897இல் இந்தோ சாரசனிக் பாணியில் எழுந்த அதுவும் எல்.ஐ.சி.யின் சொத்தே. 2006இல் அதை இடிக்கத் தொடங்கியபோது மரபு ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் சென்று தடுத்தனர். குவிமாடமும் கோபுரமும் உள்ள கட்டடம் பழஞ்சின்னம் என்று எவருக்கும் பார்த்தவுடன் தெரியும். வெறும் கான்கிரீட் கட்டடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு காலத்தில் உயரமாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் வேறெதுவும் இல்லையென்றால், அதை இடிக்க நினைப்பவரிடம் எதைக் காட்டி வாதாடுவது?