கண்ணாடிப்பொடி ஒட்டு: பாணிகளும் தரமும்

சங்கச் செயற்குழுப் பெரியவர்கள் மலருக்கு எழுதச் சொன்னால் மறுக்க முடியுமா? அங்கத்தவர்களுக்குச் சூளைப் பாடம் வேண்டியதில்லை. பீங்கானையும் உலோகத்தையும் காற்றுப் புகாமல் சேர்க்கும் பாணிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் புல்ஃப்ரிச் தொடங்கி, 1950இல் நோல்ட்டியும் ஸ்பர்க்கும் செம்மைப்படுத்திய மொலிப்டினம்–மாங்கனீசுப் பாணிக்கே எங்கும் முதல் மரியாதை. நுண்ணலைக் குழாய்க்காரர்கள் போற்றுவது இதைத்தான். டைட்டேனியம் கலந்த பற்றாசுப் பாணி வெற்றிட உலை உள்ளவர்களுக்கானது. மூன்றாவது நம்முடைய கண்ணாடிப்பொடிப் பாணி. இதைக் கடைசியில் வைப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மொலிப்டினப் பூச்சின் துளைகளுக்குள் ஊறி, பீங்கானோடு அதைப் பிணைப்பதும் கண்ணாடிதான். மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கும் நம் பாணியே. அலுமினாக் குழலுக்குள் செப்புத்தூள் கலந்த கண்ணாடிப்பொடியை இட்டு, சூடேற்றி, முனையை அழுத்தி இறுக்குகிறார்கள்.

எங்கள் மாஸ்டர் மாத்தளையில் பீங்கான் வேலை பழகியவர். ஓவலைப் பக்கத்து ஃபெல்ட்ஸ்பாரை விரலால் தேய்த்தே தரம் சொல்வார். பின்னர் நாலந்தாவில், வீட்டுப் பின்கட்டில் சிறிய மின்னுலை வைத்து எங்களுக்கு இந்தப் பாணியைக் கற்றுத் தந்தார். அவரிடம் முதல் பாடம் விரிவுக் கணக்கு. அலுமினா ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 7 பங்கு விரியும். சாதாரண உருக்கு 12. உருக்கு வளையம் வெளியே இருந்தால் ஆறும்போது கண்ணாடியை அமுக்கிப் பிடிக்கும். உள்ளே இருந்தால் இழுத்துப் பிளக்கும். அமுக்கத்தைத் தாங்கும் கண்ணாடி இழுவையைத் தாங்காது.

அடுத்தது உலோகத்தின் நிறம். கோவார் என்னும் உலோகக்கலவையை முன்கூட்டியே சுட்டு மெல்லிய ஆக்சைடு படிய வைக்க வேண்டும். எலிச்சாம்பல் நிறத்தில் எடுத்தால் கண்ணாடி நனைத்துப் பிடிக்கும். கறுத்து விட்டால் செதிலாக உரிந்து போகும். சன்னல் வெளிச்சத்தில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐயம் இருந்தால் ஒதுக்கி விடுவார். பொடியைக் குழைத்த பசை முழுவதும் எரிந்து போகுமுன் சூட்டை ஏற்ற விடமாட்டார். ஏற்றினால் கண்ணாடிக்குள் கரியும் குமிழியும் சிறைப்படும். ஆறவிடுவதில் அவசரமே கூடாது. அவர் கைப்பட்ட ஒட்டுகளுக்கு நிகராக நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்று? எல்லோரையும் சொல்லவில்லை, பெயர் சொல்வதும் முறையல்ல. ஆனால் சிலர் உலைக் கதவைச் சூடு ஆறுமுன்பே திறக்கிறார்கள். மயிரிழை விரிசலை எப்பொக்சி பூசி மறைக்கிறார்கள். போலரிஸ்கோப்பில் வைத்துத் தகைவு பார்ப்பதில்லை. ஹீலியம் கசிவுச் சோதனையே செய்யாமல் தரச்சான்று எழுதுகிறார்கள். எப்பொக்சி வழியே ஈரம் மெல்ல நுழையும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே செய்கிறார்கள். இது திறமைக் குறை அல்ல, துரோகம். மாஸ்டர்மார் உயிரைக் கொடுத்து வளர்த்த தொழிலை ஒரே தலைமுறையில் விற்றுத் தின்கிறோம். பிள்ளைகள் நாளை எந்த முகத்தோடு நம்மைக் குரு என்பார்கள்? பொறுமையே போய்விட்ட நாட்டில் எந்தக் கைத்தொழில்தான் நிலைக்கும்?

சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் காட்சிக்கு வரும் ஒவ்வொரு ஒட்டையும் மேடையிலேயே போலரிஸ்கோப்பில் வைக்க வேண்டும், மூத்தவர்களுடையது முதலில்.