ஊர் அறிந்த ரகசியம்

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலில் டாம் ராபின்சன் குற்றமற்றவன் என்பது ரகசியமே அல்ல. பருத்தி அரவை எந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப்போன அவனது இடது கையை நீதிமன்றமே பார்க்கிறது. மேயெல்லாவின் காயங்களோ முகத்தின் வலப்பக்கம். ஆனாலும் கறுப்பனுக்குத் தண்டனை. சிறையில் தப்பியோடும்போது 17 குண்டுகள்.

கடைசியில், குழந்தைகளைக் காப்பாற்றப்போய் பூ ராட்லி பாப் யூவலைக் கொன்றுவிடுகிறான். யூவல் தன் கத்திமேல் தானே விழுந்தான் என்கிறார் ஷெரிஃப். அட்டிகஸும் இணங்குகிறார். ஒரு வெள்ளையனுக்காகச் சட்டம் வளைகிறது. (கௌண்டரில் ஒரு ரூபாய் இடித்தாலும் எழுந்திருக்க முடியாத குமாஸ்தா நான், எனக்கு உறுத்துகிறது.) ஸ்கௌட்டுக்கு உடனே புரிந்துவிடுகிறது. குழந்தை வளர்ந்துவிட்டாள் என்று வாசகர்கள் நெகிழ்கிற இடம் இது. அவள் கற்றுக்கொண்டதோ ஊரோடு சேர்ந்து வாய்மூடியிருக்க. லீ இதை அறிந்தேதான் எழுதினாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.