பேச்சும் வினாவும்: ஹன்சாட்டில் நம்மட மன்னார்

தமிழ் படிப்பிக்கிற ஆளுக்கு ஹன்சாட்டில் என்ன வேலை என்று நண்பரொருவர் கேட்டார். மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும், ஹன்சாட்டில் பதிவானதோ நாளைக்கும் சாட்சி சொல்லும் என்றேன். ஒரு நூலை வாசிப்பதுபோல அதையும் வாசித்து நிறைகுறை சொல்ல நமக்கு உரிமை உண்டு.

2020 ஆகஸ்டில் வன்னி உறுப்பினர் ரிஷாட் பதியுதீன் எதிரணி ஆசனத்தில் அமர்ந்தார். பல ஆண்டுகள் அமைச்சராக இருந்து வினாக்களுக்குப் பதில் சொன்னவர், இனி வினாத் தொடுக்க வேண்டியவரானார். அடுத்த ஓராண்டு கடுமையானது. ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலம் அது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அவரும் 2020 அக்டோபரிலும் 2021 ஏப்ரலிலும் கைதானார். இரண்டாவது கைது உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பானது. அவ்வழக்கிலிருந்து பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்தக் காலத்து உரைகளின் பலம் அனுபவம். 1990 அக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு, அகதி வாழ்வை நேரில் கண்டவரின் குரல் அது. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் அதைக் கேட்பவருக்கு விளக்கம் தேவையில்லை.

பலவீனமும் அங்கேதான். முசலிக் காணி விடயத்தில் அவர் பிரதிநிதி மட்டுமல்ல, வழக்காளியும்கூட. கல்லாறு மீள்குடியேற்றம் சட்டவிரோதம் என்றும், காட்டை மீளமைக்கும் செலவை அவரே ஏற்க வேண்டும் என்றும் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மறிச்சுக்கட்டி பற்றி அவர் எதைப் பேசினாலும் எதிர்த்தரப்புக்கு அது தற்காப்பாகவே கேட்கும். ஊரின் நியாயமும் ஆளின் நியாயமும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன.

இவற்றைப் பிரித்தெடுக்கப் பின்னாசன உறுப்பினரின் கையில் ஓர் ஆயுதம் உண்டு: வினா. ஹன்சாட்டில் உரை பேசிய மொழியிலேயே அச்சாகும். தமிழில் முழங்கினால் தமிழர்தான் வாசிப்பர். வாய்மூல விடைக்கான வினாவோ மூன்று மொழியிலும் பதிவாகிறது. அமைச்சர் தவணை கேட்கலாம், மழுப்பலாம். அந்த மழுப்பலும் அரசின் பதிவுதான். சிலாவத்துறையில் கடற்படை வசமுள்ள நிலத்தில் உறுதிக்காணி எத்தனை ஏக்கர்? 2017 மார்ச் வன வர்த்தமானிக்கு முன்பு வழங்கிய அனுமதிப்பத்திரங்கள் எத்தனை? இப்படிக் கேட்டால், கேட்டவர் யார் என்பது பின்னுக்குப் போய், எண்ணிக்கை முன்னுக்கு வரும்.

குற்றம் உறுப்பினரில் மட்டுமில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் நாம் விசாரிப்பது, "எம்பி என்ன போடு போட்டார்?" என்றுதான். "என்ன கேட்டார், என்ன பதில் கிடைச்சது?" என்று யாரும் விசாரிப்பதில்லை. கைதட்டல் கிடைக்கிற இடத்தில்தானே பேச்சு வளரும்?

உறுதியும் பெர்மிட்டும் வைத்திருப்போர் அவற்றின் பிரதிகளோடு, ஒரு வினாவையும் எழுதி நமது உறுப்பினர்களிடம் கொடுப்போம். அது எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் சரி.