வார்ப்பிரும்பும் தோல் வாஷரும்

சென்னைப் புறநகரில் சேலையூர், குரோம்பேட்டை, மேற்குத் தாம்பரம் பக்கம் பழைய தனிவீடுகளின் கொல்லைப்புறத்தில் துவைகல்லுக்கு அருகே அடிபம்பு ஒன்று நிற்கும். பெயிண்ட் உரிந்திருக்கும், கைப்பிடி மட்டும் உள்ளங்கை பட்டுப்பட்டு வழவழத்திருக்கும். வீடு கைமாறியதும் பல இடங்களில் இது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது. போடுவதற்கு முன் ஒருமுறை நின்று பார்க்கத் தகுந்த பொருள் இது.

முதலில் உடம்பைத் தடவிப் பாருங்கள். மெல்லிய சொரசொரப்பு தெரிந்தால் அது மணல் அச்சின் தடம். மரப் பேட்டர்னை இரண்டு பெட்டி மணலில் பதித்து, பெட்டிகளைச் சேர்த்து, உருகிய இரும்பை ஊற்றுவார்கள். பெட்டிகள் சேர்ந்த இடம் இருபுறமும் மெல்லிய கோடாக ஓடும். அந்தக் கோடு பிசகாமல் நேராக இறங்கினால், வார்த்தவர் கைதேர்ந்தவர். பவுண்டரியின் பெயர் இருந்தால் அதுவும் இரும்போடு சேர்ந்தே பிறந்த புடைப்பெழுத்தாக இருக்கும். வார்ப்பிரும்புதானா என்ற ஐயம் தீரவில்லையென்றால் துளை போடும்போது கவனியுங்கள்: எஃகு சுருளாக வரும், வார்ப்பிரும்பு கரும்பொடியாக உதிரும். அதிலுள்ள 2 முதல் 4 சதவீதக் கரிமத்தில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பரவியிருப்பதே காரணம். அதனாலேயே அது வளையாது. பலமான அடி விழுந்தால் விரிசல்தான்.

உள்ளே இருப்பது இரண்டே கதவுகள், அதாவது வால்வுகள். கைப்பிடியை அமுக்கினால் தண்டு மேலேறும்; கீழ்க்கதவு திறந்து தண்ணீர் உள்ளே வரும். கைப்பிடியை உயர்த்தினால் தண்டு இறங்கும். கீழ்க்கதவு மூடி, மேல்கதவு திறந்து தண்ணீர் அதைத் தாண்டி மேலே போகும். தண்டின் நுனியில் கிண்ணம் போல் விரிந்த தோல் வாஷரை, அது தூக்கும் தண்ணீரே சுவரோடு அழுத்தி அடைத்துக்கொள்கிறது. காய்ந்தால் தோல் சுருங்கிக் காற்று கசியும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடிப்பது அதை நனைத்து உப்பவைக்கத்தான்.

இந்தப் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. காற்றழுத்தம்தான் மேலே தள்ளுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இயற்பியலாளர் டாரிசெல்லி விளக்கியபடி அதன் எல்லை ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டர். தாம்பரம், பல்லாவரம் மண்ணுக்கடியில் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னகைட் என்று பெயரிட்ட கெட்டிப்பாறை கிடக்கிறது. அதன் மேலுள்ள சிதைந்த அடுக்கில்தான் மழைநீர் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் அது பம்புக்கு எட்டும், கோடையில் எட்டாது. ஆழத்துத் தண்ணீருக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 அடிபம்பு, சிலிண்டரையே தண்ணீருக்குள் இறக்கியது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரான அதன் சிலிண்டரும் பித்தளை உறை போட்ட வார்ப்பிரும்பே; அதன் அடைப்பும் தொடக்கத்தில் தோலே.

வீட்டுப் பம்புக்குத் திரும்புவோம்: அது ஓடவில்லையென்றால் உடனே மாற்ற வேண்டியது பம்பு அல்ல. வாஷரைக் கழற்றுங்கள், புதியதை எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். உள்சுவரில் விரல் ஓட்டிப் பாருங்கள்: கீறல் தட்டினால் எந்தத் தோலும் நிலைக்காது, லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். உடம்பில் விரிசல் ஓடியிருந்தால் மட்டுமே புதிது தேவை. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது கடினம். சாதாரண ராடு வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். புதிது வாங்கும்போது, பம்பைக் குழாயோடு இணைக்கும் பிளாஞ்சின் போல்ட் துளை இடைவெளியையும் குழாய் அளவையும் குறித்துச் செல்லுங்கள். கடையில் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதையே எடுங்கள்.

தேய வேண்டியதைச் சில ரூபாய்த் தோலில் வைத்து, நிற்க வேண்டியதை இரும்பில் வைத்தது இந்தப் பம்பின் மேதைமை. எது தேயலாம், எது தேயக்கூடாது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்த வீட்டுப்பொருள் வேறொன்றை நான் அறியேன். மின்சாரம் போன நாளிலும் தண்ணீர் தரக்கூடியதை எடைக்குப் போடாதீர்கள்.