இசை இரசனையும் பிறர் அபிப்பிராயமும்: சில குறிப்புகள்

"உனக்குப் பிடித்த பாட்டு உனக்கு, எனக்குப் பிடித்தது எனக்கு" என்று சொல்லி விவாதத்தை முடித்துக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு சிறுகதையை எடுத்தால் அது தோன்றிய காலம், சூழல், எழுதியவரின் வர்க்கம் என்றெல்லாம் ஆராய்கின்ற நம் விமர்சகர்களிற் பலர், இசை என்று வந்ததும் அதனைத் தனிமனிதரின் சொந்த விடயமென ஒதுக்கிவிடுகின்றனர். இசை இரசனை அவ்வாறு தானாக முளைப்பதன்று. யாரோ ஒருவர் சொல்லித்தான் ஒரு பாட்டுக்குக் காது கொடுக்கிறோம். யாரோ ஒருவர் முகம் சுளித்ததனாலேதான் இன்னொன்றைக் கேளாமல் விடுகிறோம். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. மொழியைக்கூட நாம் பிறரிடமிருந்துதான் பெற்றோம். என்னுடைய கேள்வி வேறு. பிறருடைய அபிப்பிராயம் பாட்டோடு சேர்ந்து வருகிறதா, அல்லது பாட்டுக்குப் பதிலாக வருகிறதா?

இதற்கு வானொலி வரலாற்றிலே நல்லதோர் உதாரணம் உண்டு. 1952 இல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். 1962 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சாஸ்திரீய சங்கீதத்தில் ஈடுபாடுள்ளவர். நாடு முழுவதற்குமான சங்கீத நிகழ்ச்சி அகில இந்திய வானொலியில் ஆரம்பமானதும் அவருடைய காலத்திலேதான். அதனால் எத்தனையோ வித்துவான்களுக்கு வாழ்வு கிடைத்தது. இதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் திரைப்பாட்டு மக்களின் செவியைக் கெடுத்துவிட்டது என்பது அவருடைய அசையாத எண்ணம். அதனாலே வானொலியில் திரைப்பாட்டின் நேரம் வெட்டப்பட்டது. மிஞ்சியவை வடிகட்டப்பட்டன. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கூறி, பாடியவரின் பெயர் மட்டுமே அறிவிக்கப்பட்டது. கோபங்கொண்ட தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பும் உரிமையை மீளப்பெற்றுக்கொள்ள, இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டு ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

கேஸ்கரின் இந்த அபிப்பிராயத்துக்குள் இன்னோர் அபிப்பிராயமும் ஒளிந்திருந்தது. பழைய சங்கீதம் சீரழிந்தமைக்கு அது முஸ்லிம் உஸ்தாதுகளின் கைக்குப் போனதும் ஒரு காரணம் என்று அவர் கருதினார். பரம்பரை பரம்பரையாக ஒரு கலையைக் காத்தவர்களே அதனைக் கெடுத்தவர்களாயினர்! ஒருவர் 'நல்ல இரசனை' என்று பேசத் தொடங்கும்போது யாருடைய இரசனையைத் தள்ளுகிறார் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். 1960 இல் வெளிவந்த மொகலே ஆஸம் படத்துக்காக நௌஷாத்தின் இசையில் உஸ்தாத் படே குலாம் அலி கான் பாடினார். அமைச்சர் பிரித்து வைத்த இரண்டு உலகங்களும் அங்கே ஒரே குரலில் சேர்ந்துகொண்டன.

இடையில் ஹார்மோனியத்தைப் பற்றியும் ஒரு சொல். 1940 இல் அதே அகில இந்திய வானொலி அந்த வாத்தியத்துக்குத் தடை விதித்தது. சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் நம் இசைக்கு, கட்டைகளில் அடைபட்ட வாத்தியம் ஒவ்வாது என்பது காரணம். தாகூரும் அதனை வெறுத்தவர். காரணம் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் கவாலிப் பாடகர்களின் கையில் ஹார்மோனியம் என்ன செய்கிறது என்பதைக் கேட்ட எவரும் அது முழுக் காரணமென்றும் சொல்லமாட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

இந்தியாவில் கதவு மூடப்பட்டபோது திறந்தது நம் கொழும்பு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்துக்காக அமைக்கப்பட்ட வலிமையான சிற்றலைப் பரப்பி இலங்கை வானொலியின் வசமிருந்தது. 1952 டிசெம்பரில் 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பமாயிற்று. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்ய, நாடாக்கள் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலித்தன. வாரந்தோறும் மக்கள் அதற்காகக் காத்துக்கிடந்தனர். 1957 ஒக்டோபரில் இந்திய வானொலி 'விவித் பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு மீண்டும் இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. ஓர் அமைச்சரின் இரசனை கோடிக்கணக்கான காதுகளிடம் தோற்ற கதை இது. நாம் இதனைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. சொல்லிக்கொள்ளலாம்தான்.

ஆனால் அதே 1952 இல், அதே கொழும்பு வானொலியில் வேறொன்றும் நடந்தது. இங்குள்ள கலைஞர்களைத் தரம் பிரிப்பதற்காக லக்னோ பாத்கண்டே இசைக் கல்லூரியின் அதிபர் எஸ்.என். ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குத் தோன்ற மறுத்தார். 'ஓலு பிபீலா' பாடிய அவர், சிங்கள மொழியின் ஓசைக்கு ஏற்ற ஓர் இசையைத் தேடியவர். பாத்கண்டேயிலேயே படித்துத் தேறியவர். வட இந்திய சங்கீதம் தெரியாதவர் அல்லர். தெரிந்துகொண்டே, என் மக்களின் பாட்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்று நின்றார். வானொலியின் கதவு அவருக்கு மூடப்பட்டது. பல ஆண்டுகள் அவர் வெளியே நின்றார். 1981 இல் காலமானார். இன்று சிங்கள இசையைப் பற்றிப் பேசுவோர் அவரைத் தவிர்த்துப் பேச முடியாது. பம்பாய்ப் பாட்டைக் காப்பாற்றிய அதே நிலையம், தன் வாசலில் நின்ற பாடகரைப் பற்றி வெளிநாட்டு நிபுணரின் அபிப்பிராயத்தை நாடிற்று என்பது யோசிக்கத்தக்கது.

நம் தமிழ் ஒலிபரப்புக்கு வருவோம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் இங்கும் கடலுக்கு அப்பாலும் ஒரு தலைமுறையின் காதைப் பழக்கினர். அவர்களும் அபிப்பிராயம் சொன்னவர்களே. எந்தப் பாட்டை எந்தப் பாட்டுக்குப் பின்னே வைப்பது என்பதும் ஓர் அபிப்பிராயந்தான். ஆனால் அவர்கள் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பாட்டை ஒலிக்கவிட்டனர். சொன்னது சரிதானா என்று அடுத்த மூன்று நிமிடத்திலே நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்த சாதாரண நேயர் ஒருவர், குரலைக் கேட்ட மாத்திரத்தில் பாடகரையும் இசையமைப்பாளரையும் பிரித்துச் சொல்லக்கூடியவராய் இருந்தார். எங்கள் ஊரிலே மீன் விற்ற ஒருவர் ஜி. ராமநாதனுக்கும் கே.வி. மகாதேவனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சைக்கிளை நிறுத்திவைத்து விளக்குவார். மீன் பழுதாகிவிடும் என்று பெண்கள்தான் அவரை அவசரப்படுத்துவார்கள்.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் என் அறை நண்பர் ஒருவர் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஒலிநாடாவை வைத்திருந்தார். 1986 இல் வந்தது, பாடல் வரி எதுவுமில்லாத இசை. எங்களுக்கு அது வெறும் வயலின் சத்தம். அவர் அதனைப் புகழவில்லை. "மேலே போற வயலின விடு, கீழே என்ன நடக்குதெண்டு மட்டும் கேளு" என்றார். அவ்வளவுதான். அந்த வாத்தியத்தைப் பின்தொடரத் தொடங்கிய பிறகு அதே நாடா வேறொன்றாகக் கேட்டது. இதுவும் பிறர் சொல் என்மீது செலுத்திய செல்வாக்கே. எதைக் கேட்கலாம் என்று சொன்னாரேயன்றி, என்ன முடிவுக்கு வரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது நம் பிள்ளைகளுக்கு அபிப்பிராயம் எண்ணிக்கையாக வருகிறது. கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைத் திறக்குமுன்பே எத்தனை இலட்சம் பேர் பார்த்தனர் என்பது கண்ணிலே படுகிறது. இது பற்றி அமெரிக்காவில் சல்கனிக், டொட்ஸ், வொட்ஸ் என்னும் மூவர் செய்த பரிசோதனை 2006 இல் வெளியானது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். இணையம் வழியாகப் பங்குபற்றியோர் 14,000 பேருக்கு மேல். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டும் கொடுக்கப்பட்டன. மற்றையோர் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டனர் என்ற எண்ணிக்கையும் காட்டப்பட்டது. எட்டு உலகங்களிலும் வெற்றிப் பாடல்கள் ஒரேமாதிரி அமையவில்லை! எண்ணிக்கை தெரியாத குழுவினர் நடுத்தரமாய் மதித்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலாம் இடத்திலும் இன்னொன்றில் நாற்பதாம் இடத்திலும் நின்றது. மிகச் சிறந்தவை அரிதாகவே அடியோடு தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. இடையிலுள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். நாம் வாழ்நாளில் கேட்பவற்றிற் பெரும்பாலானவை அந்த இடைப்பகுதியைச் சேர்ந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

சல்கனிக்கும் வொட்ஸும் 2008 இல் இன்னொரு முடிவை வெளியிட்டனர். எண்ணிக்கைப் பட்டியலை வேண்டுமென்றே தலைகீழாக்கிக் காட்டியபோது, பின்தங்கிய பாடல்கள் பல முன்னேறின. ஆனால் மொத்தத்தில் மக்கள் இறக்கிக்கொண்ட பாடல்களின் தொகை குறைந்தது. எண்ணிக்கை பாட்டைத் தருகிறதுதான், மறைக்கவில்லை. ஆனால் கேஸ்கர்கூடத் தன் வெறுப்புக்கு ஒரு காரணம் சொன்னார். எண்ணிக்கை எந்தக் காரணமும் சொல்வதில்லை. ஆகவே அதனோடு வாதிடவும் முடியாது.

இவற்றையெல்லாம்விட ஆழமாய் வேலை செய்கின்ற அபிப்பிராயம் ஒன்றிருக்கிறது. அது சட்டமாகவோ பட்டியலாகவோ வருவதில்லை, வெட்கமாக வருகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களிலே கவி என்றொரு பெருஞ்செல்வம் இருந்தது. வயற்காவற் பரணிலும், வண்டில் போகும் இரவு வழியிலும், பாய் இழைக்கும் பெண்களின் நடுவிலும் அது பிறந்தது. மச்சானுக்கு மச்சி பதில் சொல்வாள். காதல் மட்டுமன்று, கோபம், கிண்டல், பிரிவு, கடன்காரனின் தொல்லை எல்லாம் அதிலே இருந்தன. எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றின் சொற்கள்கூட நமக்குக் கிடைத்திரா.

இவை எப்படி மங்கின? தொழில் மாறியது, உழவு இயந்திரம் வந்தது என்பார்கள். அது உண்மை. ஆனால் அதுவே முழுமையான விடை என்று நான் எண்ணவில்லை. படித்தவர்கள் ஊருக்குள் வந்து இது பாமரர் பாட்டு என்றனர். வேறு சிலர் இது அடக்கமற்ற பேச்சு என்றனர். சங்கீதம் தெரிந்தோர் இதில் இராகமில்லை என்றனர். மூன்று திசையிலிருந்து வந்த அபிப்பிராயமும் ஒன்றாகச் சேர்ந்து, பாடியவர்களின் மனத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. என் மாணவர்களுக்காகக் கவி கேட்டுச் சென்றபோது மூதாட்டி ஒருவர் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். "அது படிப்பில்லாத காலத்துப் பேச்சு சேர், வெளியில சொல்லக்கூடாது" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. பக்கத்திலே மருமகளும் பேத்தியும் மட்டும் இருந்தனர். பேத்தி கேட்க ஆசைப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இவ்விடத்தில் நம் எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவியை இப்போது புகழாதவர் இல்லை. கருத்தரங்குகளில் அதன் உவமை நயமும் பேச்சு வழக்கும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால் புகழ்பவர்களிற் பலர் கவியைக் கேட்டதில்லை, வாசித்திருக்கின்றனர். அச்சில் இரண்டு அடிகளாகவோ நாலு அடிகளாகவோ கிடக்கின்ற சொல்லுக்கும், ஈற்றிலே குரலை இழுத்து வயல்வெளிக்கு அப்பால் அனுப்பிய பாட்டுக்கும் எவ்வளவோ தூரம். முன்பு இகழ்ச்சி பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது; இப்போது புகழ்ச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் பாட்டைக் காணோம்.

வகுப்பில் நான் செய்து பார்ப்பது சிறியதொரு காரியம். மாதத்துக்கு ஒரு முறை, யாருடையது என்று சொல்லாமல் ஒரு பாட்டைப் போடுவேன். பிள்ளைகள் தாம் கேட்டதை எழுத வேண்டும். நல்லதா கெட்டதா என்று எழுதக்கூடாது. எத்தனை வாத்தியம், குரல் எங்கே தாழ்கிறது, எந்தச் சொல் இரண்டாந்தரம் வருகிறது என்று எழுதுவார்கள். பிறகுதான் பெயரைச் சொல்வேன். நாகூர் ஹனீபாவின் குரலை மேடைப் பேச்சாளர் ஒருவருடைய குரலென்று ஒரு மாணவன் எழுதினான். அவன் அறியாமல் எழுதியதாயினும், தி.மு.க. மேடைகளிலே பல்லாண்டு ஒலித்த குரலல்லவா அது!

சென்ற தவணையில் கவியொன்று போட்டேன். அந்த மூதாட்டி பின்னர் ஒரு நாள், பேத்தியின் தொலைபேசியில் மட்டும் என்ற நிபந்தனையோடு பாடித் தந்தது. பின்னணியிலே கோழி கூவுகிறது. முப்பத்தொரு பிள்ளைகளில் ஒருவரேனும் சிரிக்கவில்லை. கோழியையும் ஒரு வாத்தியமாக எண்ணி எழுதியவர்கள் நால்வர். பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும், "பாடுறவ மூச்சு விடுற இடத்திலதான் சேர் பாட்டு மாறுது" என்று எழுதியிருந்தான். அடுத்த பதிவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.