‘தி ஷைனிங்’ திரைப்படத்தில் அச்சத்தின் நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். பேய்க்கதை என்றவுடன் நம் மனம் அணங்கின்பாற் செல்லுதல் இயல்பு. இறை என்பதையோ, குற்றம் புரிந்தோன் அரசனுக்கு அஞ்சுதல் என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். தலைமை உடையோன் எவனும் இறையே ஆதலின், சிறுவன் ஒருவனுக்கு அவன் தந்தையும் இறையாவான். ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1980-இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ என்னும் திரைப்படம், அணங்கைக் காட்டி நம்மை அழைத்துச் சென்று இறையின்முன் நிறுத்துகிறது என்பது நம் கருத்து.

கதை சிறிது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளிடையே ‘ஓவர்லுக்’ என்னும் உல்லாச விடுதி உள்ளது. பனிக்காலத்தில் பாதை அடைபடுதலின் அது மூடப்படும். அப்பருவத்தில் அதனைக் காத்தற்கு ஜாக் டாரன்ஸ் என்னும் எழுத்தாளன், மனைவி வெண்டியோடும் மகன் டானியோடும் வருகிறான். முன்னர் அங்குக் காவலிருந்த கிரேடி என்பவன் தன் மனைவியையும் இரு பெண்மக்களையும் கொன்று தானும் மடிந்தவன். டானிக்கோ மறைந்தவற்றைக் காணும் ஆற்றல் உண்டு. விடுதியில் உருவங்கள் தோன்றுகின்றன. முடிவில் ஜாக் கோடரி ஏந்தித் தன் குடும்பத்தைத் துரத்துகிறான். ஸ்டீவன் கிங் 1977-இல் வெளியிட்ட நாவலே இதற்கு மூலம்.

அச்சத்திற்கு இருளை நாடுதல் இவ்வகைப் படங்களின் மரபு. குப்ரிக் அம்மரபைக் கைக்கொண்டிலர். இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பப்பட்ட விடுதியின் உட்புறம் பெரும்பாலும் ஒளி நிறைந்தே விளங்குகிறது. டானி மூன்று சக்கர மிதிவண்டியில் அக்கூடங்களைச் சுற்றி வருகிறான். மரத்தளத்தில் சக்கரம் கடகடக்கிறது, கம்பளத்தில் ஏறியதும் ஓசை அடங்குகிறது, மீண்டும் கடகடக்கிறது. கேமரா அதிர்வின்றி அவன் பின்னே தாழ்ந்து செல்கிறது. அஞ்சத்தக்கது யாதும் நிகழாத இடத்தில் நாம் அஞ்சுகிறோம்.

எனினும் படத்தின் உயிர்நிலை இவ்வுத்திகளில் இல்லை. அது சிறுவனின் ஒரு கையில் உள்ளது. குடும்பம் மலையேறுமுன்பே, வெண்டி மருத்துவர் ஒருவரிடம் பழைய செய்தியொன்றைக் கூறுகிறாள்: குடித்து வந்த ஜாக், தன் தாள்களைக் கலைத்த மகனின் கையைப் பற்றியிழுக்க, அது மூட்டு விலகிற்று, அதன்பின் அவன் ஐந்து திங்களாகக் குடிப்பதில்லை. இதனை அவள் புன்னகையோடு, யார்க்கும் நேரக்கூடிய தவறு போலச் சொல்கிறாள். பின்னர் மதுக்கூடத்தில் ஜாக் இதே நிகழ்ச்சியை உரைக்குங்கால், அது நடந்து மூன்றாண்டு ஆயிற்று என்கிறான். இதனைத் திரைக்கதையின் வழு என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குற்றம் செய்தவன் அதனைப் பழங்கதையாக்க விழைகிறான். உடன் வாழ்பவளுக்கோ அது நேற்று நடந்தது போன்றது. அணங்கு வாழும் விடுதியை அடையுமுன்பே அச்சம் அவ்வீட்டில் குடியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு காட்சி. பகல் வெளிச்சத்தில் படுக்கையில் அமர்ந்திருக்கும் தந்தை மகனை மடியில் இருத்திக்கொள்கிறான். அம்மாவையும் என்னையும் நீங்கள் துன்புறுத்தமாட்டீர்கள் அல்லவா என மகன் வினவுகிறான். தந்தை முதலில் விடை தரவில்லை. இதை உன் அம்மா சொன்னாளா என்று திருப்பிக் கேட்கிறான். அன்பு மொழி அதன் பின்னரே வருகிறது. குருதியும் பேயும் இல்லாத இக்காட்சியே படத்தில் மிக அஞ்சத்தக்கது என்போம்.

ஜாக் உருவங்களைக் காணும் மதுக்கூடம், குளியலறை, செந்நிறக் கழிப்பறை ஆகியவற்றில் கண்ணாடி உண்டு. ஆகவே அவை அவன் மனத்தின் நிழல்கள் என்று கொள்ள இடமுண்டு. உணவுப்பொருள் அறையில் வெண்டி அவனை அடைத்தபின் புறத்தாழ் தானே திறக்கும்போது அக்கொள்கை தளர்கிறது. பேய் உண்மையே என்று ஒப்புக்கொண்டாலும், அது செய்தது தாழை நீக்கிய அளவே. அதனையும் குடும்பத்தை ‘நெறிப்படுத்துவேன்’ என ஜாக் வாக்களித்த பின்னரே செய்தது. கோடரி எடுத்த கை அவனுடையது.

மூலநூலாசிரியர் இப்படத்தை விரும்பவில்லை. ஜாக் தொடக்கத்திலேயே பித்தனாகத் தோன்றுகிறான் என்பது அவர் குறை. 1997-இல் தாமே திரைக்கதை எழுதித் தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கினார். நாவலில் நல்லவன் ஒருவன் வீழ்கிறான். இறுதியில் ஒரு கணம் தெளிந்து, ஓடிவிடு என மகனிடம் கூறுகிறான். அது தந்தையின் துன்பியல். படமோ அஞ்சுவோரின் பக்கம் நிற்கிறது. கை விலகிய மகனுக்குத் தந்தையின் வீழ்ச்சி புதிதன்று. எனவே கிங்கின் குறை நாவலுக்குப் பொருந்தும், படத்திற்குப் பொருந்தாது.

வெண்டியைப் பற்றிய குறையை மட்டும் நம்மால் மறுக்க இயலவில்லை. நாவலின் உறுதி வாய்ந்த பெண் படத்தில் பெரும்பாலும் அலறுபவளாகக் குறுகினாள். இது திரைக்கதையின் குறை. ஷெல்லி டுவாலின் நடிப்பின் குறையன்று. மோசமான நடிப்புக்கென அவர் பெயரைப் பரிந்துரைத்த ராஸி விருதுக் குழுவினர் 2022-இல் அதனைத் திரும்பப் பெற்றனர்.

நாவலில் விலங்குருவாகக் கத்தரிக்கப்பட்ட புதர்கள் உயிர்பெற்றுத் தாக்கும். குப்ரிக் அவ்விலங்குகளை விலக்கிப் புதர்வேலிகளாலான புதிர்வழியை வைத்தார். பனியில் மகனின் அடிச்சுவடுகளைப் பார்த்துத் தந்தை தொடர்கிறான். மகன் தன் சுவடுகளிலேயே பின்னோக்கி அடிவைத்து நடந்து, பக்கத்தில் ஒதுங்கி மறைகிறான். சுவடு முடிந்த இடத்தில் தந்தை திகைத்து நிற்கிறான். வெளியே தாயும் மகனும் பனிவண்டியேறிச் செல்ல, உள்ளே பொருளற்ற ஓலம் மட்டும் கேட்கிறது.